ஐந்து சுரம், நீண்ட மூச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

'அமேஸிங் கிரேஸ்' என்ற கிறிஸ்தவப் பாடலின் மெட்டைக் கேட்காத காது அரிது. ஆங்கிலேயப் பாதிரியார் ஜான் நியூட்டனின் வரிகள் 1779-இல் அச்சேறின. அவற்றை 'நியூ பிரிட்டன்' என்ற மெட்டோடு 1835-இல் சேர்த்தவர் அமெரிக்காவின் வில்லியம் வாக்கர். மெட்டில் இருப்பவை ஸ, ரி, க, ப, த மட்டும். நம் மோகனத்தின் சுரங்கள்தாம். மூன்று தட்டுக் கணக்கில் முதலடியைப் பாடிப் பாருங்கள் (இரு கோடுகளுக்கு இடையே மூன்று தட்டு, அதுவே ஒரு 'பார்'): ப | ஸா கஸ | கா ரி | ஸா த | பா.

இந்த மெட்டை வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிராங்க் டிக்கெலி ஊதுகருவி பேண்டுக்கு எழுதிய படைப்பை 1994-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக பேண்ட் முதன்முதலாக வாசித்தது. நடத்தியவர் ஜான் விட்வெல். தம் தந்தையின் நினைவாக எழுதச் சொன்னவரும் அவரே. புதுமை காட்டும் வித்தை எதையும் டிக்கெலி நாடவில்லை. ஆல்டோ சாக்ஸபோன் தனியாக மெட்டை எடுக்கிறது.

வாசிக்க எளிது என்று தோன்றும். விரலுக்கு எளிதுதான், மூச்சுக்கு அல்ல. ஓர் அடிக்கு 12 தட்டு. நிமிடத்துக்கு 60 தட்டு வேகம் என்றால், ஓர் அடியே 12 விநாடி. பலர் பாதியில், பார் கோட்டருகே மூச்செடுத்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் எடுத்தால் அடி இரண்டாக உடையும். பக்கத்து நாற்காலிக்காரருடன் பேசி, ஒருவர் இரண்டாவது பாருக்குள், மற்றவர் மூன்றாவது பாருக்குள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மூச்செடுக்கும் முன் ஒலியைத் தணியுங்கள். மீண்டும் சேரும்போது நாக்கால் தட்டாமல் மெல்ல நுழையுங்கள். தனியாக வாசிக்கும் ஆல்டோவுக்கு இந்த உதவி கிடையாது. அவர் அடியின் முடிவில்தான் மூச்செடுக்க வேண்டும்.

அடுத்தது சுருதி. ஸ, க, ப சேர்ந்து ஒலிக்கும்போது, டியூனர் (சுருதி காட்டும் கருவி) காட்டும் காந்தாரம் சற்று அதிகம். அதை ஏறக்குறைய 14 சென்ட் (அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கினால்தான் ஒலி அலையாமல் நிற்கும். தம்பூராவோடு பாடிப் பழகிய காது இதை உடனே பிடித்துக்கொள்ளும். முதலில் ஸ, ப இரண்டையும் டியூபாவும் ட்ரோம்போனும் பிடிக்கட்டும். அவை அசையாமல் நின்ற பிறகே காந்தாரம் சேரட்டும். காந்தாரக்காரர் ஓங்கி ஊதினால் எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை.

மெல்லொலிப் பகுதிகளில்தான் பேண்ட் பெரும்பாலும் கலைகிறது. காற்று குறையும்போது புல்லாங்குழலின் சுருதி இறங்கும். கிளாரினெட்டின் சுருதியோ ஏறும். ஒரே சுரத்தை இரண்டும் பிடித்தால் நடுவில் இடைவெளி விழும். குழல்காரர் காற்றைச் சற்று மேல்நோக்கிச் செலுத்த வேண்டும். கிளாரினெட்காரர் ரீடை (வாயில் அதிரும் நாணல் பட்டையை) கடிக்காமல் தாடையைத் தளர்த்த வேண்டும். ஒத்திகையில் இந்த இருவரை மட்டும் உட்கார வைத்து, ஒரே சுரத்தை ஓங்கிய ஒலியிலிருந்து மெல்லொலி வரை 8 தட்டில் இறக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.