ஆச்சியின் காது

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்தைத் தன் வீடுபோலப் பார்த்துக்கொள்ளும் நூலகர் அம்மா அவர்களே, வேலைகளுக்கிடையே வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, தாய்மார்களே, வணக்கம். உடம்புக்கு முடியாத நிலையிலும் முன்வரிசையில் இருக்கும் என் தமிழாசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று செய்திகள் பேச வந்தேன். பிறர் எடுத்த நம் படம், நாமே எடுக்கும் படம், கைப்பேசியில் சேரும் படங்களின் கதி.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார், படம் எடுத்தார். அவற்றைச் சேர்த்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய நூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. படத்துக்கு அடியில் சாதிப் பெயர் இருக்கிறது, நின்றவர் பெயர் பெரும்பாலும் இல்லை. அகம் எங்கே தெரியும்?

எங்கள் ஆச்சி கதையைச் சொல்கிறேன். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஸ்டூடியோ வாசலையே மிதிக்காதவள். இறந்த அன்று மாலை போட ஒரு படம் இல்லை. வாக்காளர் அட்டையோடு டவுனுக்கு ஓடினேன். ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடுதான் செய்தார். நிறத்தை வெளுத்தார், பட்டுச்சேலை உடுத்திவிட்டார், தோள்வரை தொங்கிய காதைச் சின்னதாக்கி ஒரு கம்மலும் போட்டுவிட்டார். சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தை பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு, "எங்கம்மா காது எங்கலே?" என்று கேட்டாள். அப்பாவின் காலேஜ் ஃபீசுக்காக, பாம்படம் என்கிற கனத்த காதணியைக் கழற்றி விற்ற காது அது. அப்புறம் அவள் எதையுமே மாட்டிக்கொள்ளவில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்றால், எங்கள் ஆச்சிக்கு அது காதில்தான் தெரிந்தது. அவளைக் கேட்டிருந்தால் அந்தக் காதை மறைக்கச் சொல்லியிருப்பாளா?

புகைப்படக் கலைஞர் பழனி குமார், மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவையே படமெடுத்தவர். தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுத்தருகிறார். நமக்கும் அதுதான் வேண்டும். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். அதில் ஊர்க்காரர்களின் ஆல்பம் இருக்கட்டும். ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் அவரவர் வாயால் சொன்ன கதை. எந்தச் சேலை, எந்த இடம், சிரிப்பதா வேண்டாமா, எல்லாம் அவர் முடிவு. அடியில் அவர் பெயர் கட்டாயம்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் பொறுத்தருள வேண்டும். நூலகர் அம்மா அலமாரி தருவதாகச் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருப்போம். பாம்படக் காதோடு பாட்டிமார் யார் வீட்டில் இருந்தாலும் முதலில் அவர்களைக் கூட்டி வாருங்கள்.