"சப்போர்ட் இருக்கு"ன்னு போட்டிருக்கே, யாரு பாத்தாங்க?

வணக்கம் நேயர்களே. பேசக் கூப்பிட்ட நிலையத்துக்கு முதல்ல நன்றி. நான் இன்னிக்கு பேச வந்திருக்கிறது, எந்த ஹார்ட்வேர் எந்த சிஸ்டத்துல வேலை செய்யும்னு கட்டம் கட்டமா போட்டு வச்சிருப்பாங்களே, அந்த டேபிளைப் பத்தி. ரேடியோல உக்காந்துக்கிட்டு டேபிளைப் பத்தி பேசுறது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான், ஆனா கண்ணால பாத்தா பச்சைக் கட்டம் செவப்புக் கட்டம்னு ஒரே நொடியில தாண்டிப் போயிடுவீங்க, காதுல கேட்டாலாவது அந்தக் கட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிப்பீங்கன்னு எனக்கு ஒரு நப்பாசை.

லினக்ஸ் மாதிரி ஓப்பன் சோர்ஸ், அதாவது ப்ரோக்ராம் கோடை யாரு வேணா பாத்து மாத்தலாம்ங்குற ஆப்பரேட்டிங் சிஸ்டம் யூஸ் பண்றவங்க கிட்ட எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, "இந்த லேப்டாப்ல போட்டா எல்லாம் வேலை செய்யுமா?" நானும் ரொம்ப நாளா "செய்யும், லிஸ்ட்ல இருக்கு பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டுதான் இருந்தேன், என் லேப்டாப்லயே மூக்கறுபடுற வரைக்கும்.

நடந்தது இதுதான். ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன், வாங்குறதுக்கு முன்னாடி ஆளுங்க சேந்து எழுதி வச்சிருந்த ஹார்ட்வேர் லிஸ்ட்ல பாத்தேன், வைஃபைக்கு நேரா பச்சை டிக். சரின்னு வாங்கி லினக்ஸ் போட்டேன், வைஃபை கனெக்ட் ஆச்சு, ஸ்பீடு நல்லா இருந்துச்சு, ரொம்ப சந்தோஷம். ராத்திரி மூடி வச்சிட்டு காலையில திறந்தா வைஃபையே காணோம். நெட்வொர்க் லிஸ்ட் காலி, கார்டே இல்லங்குற மாதிரி நடந்துக்குது. ரீஸ்டார்ட் பண்ணா வருது, மூடித் திறந்தா போயிடுது. நாலு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டு கடைசியில அந்த வைஃபை டிரைவரை, அதாவது கார்டை ஓட்டுற ப்ரோக்ராமை, கழட்டிட்டு மறுபடி ஏத்துற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சு ஒப்பேத்தினேன். அப்பதான் புத்தியில பட்டுச்சு, அந்த டிக் போட்டவரு பொய் சொல்லல, அவரு மூடியே மூடாம டெஸ்ட் பண்ணிட்டாரு, அவ்ளோதான்.

யோசிச்சுப் பாருங்க, "வைஃபை வேலை செய்யுது"ங்குறது எத்தனை விஷயம். கார்டை கண்டுபிடிக்குதா, அந்த கார்டுக்குள்ள ஓட வேண்டிய ஃபர்ம்வேர்ங்குற ஃபைல் கூடவே வருதா இல்ல தேடிப் போடணுமா, 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டு கிடைக்குதா, பேட்டரியில ஓடும்போது பவர் சேவிங் போட்டா அறுந்து அறுந்து போகுதா, ஹாட்ஸ்பாட்டா வைக்க முடியுமா, அதே சிப்புல இருக்கிற ப்ளூடூத்துல பாட்டு கேட்டா ஸ்பீடு படுத்துக்குதா, தூங்கி எழுந்தா உயிரோட இருக்கா. இத்தனையையும் ஒரு கட்டத்துல ஒரு டிக்கா அடைச்சா எது வெளியில விழும்னு யாருக்குத் தெரியும்.

இந்தப் பிரச்சனை லினக்ஸோட கூடவே பொறந்தது. 1991 ஆகஸ்ட்ல லினக்ஸை உருவாக்கின லைனஸ் டோர்வால்ட்ஸ் முதமுதலா இப்படி ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன்னு சொன்னப்பவே, ஏடிங்குற பிசி வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேற எதையும் இது சப்போர்ட் பண்ணாமலே போகலாம், ஏன்னா என்கிட்ட இருக்கிறது அது மட்டும்தான்னு எழுதினாரு. எனக்கு தெரிஞ்சு ஹார்ட்வேர் சப்போர்ட் பத்தி சொன்னதுலயே நேர்மையான வரி அதுதான். யாரு கிட்ட என்ன மெஷின் இருக்கு, அதை அவங்க தொட்டுப் பாத்தாங்களா, இன்னிக்கும் எல்லாம் அதுலதான் நிக்குது.

அப்புறம் கெர்னல், அதாவது டிரைவர் எல்லாம் அடங்கின லினக்ஸோட அடிப்படை ப்ரோக்ராம், வளர வளர, எது பக்குவமான கோடு எது பச்சைப்புள்ளைன்னு அடையாளம் வைக்கணும்னு வந்துச்சு. ரொம்ப நாள் "எக்ஸ்பெரிமென்டல்"னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு, கெர்னல் கோடை கம்பைல் பண்ணி ஓடுற ப்ரோக்ராமா மாத்தும்போது அதை ஆன் பண்ணாதான் சோதனை நிலையில இருக்கிற டிரைவருங்க எல்லாம் கண்ணுல படும். நல்ல ஐடியாதான். ஆனா என்ன ஆச்சு, ஒரு டிரைவர்ல சோதனைன்னு லேபிள் ஒட்டுறதுக்கு ஆள் இருந்தாங்க, அது நல்லா ஆனதுக்கு அப்புறம் லேபிளைக் கிழிக்கத்தான் யாருக்கும் நேரம் இல்ல. வருஷக்கணக்கா எல்லாரும் தெனமும் யூஸ் பண்ற சமாச்சாரம் எல்லாம் சோதனைன்னே கிடந்துச்சு, அதனால லினக்ஸை பேக் பண்ணிக் குடுக்குற எல்லா டிஸ்ட்ரோவும் கண்ணை மூடிக்கிட்டு அந்த ஆப்ஷனை ஆன் பண்ணி வச்சாங்க, எல்லாரும் ஆன் பண்ணா அப்புறம் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? 2012, 13 வாக்குல கெர்னல் டெவலப்பர் கீஸ் குக் உக்காந்து அந்த ஆப்ஷனையே கெர்னல் பூரா தேடித் தேடி கழட்டினாரு. ("ப்ரோக்கன்"னு இன்னொண்ணு இருக்கு, உடைஞ்சு போச்சுன்னு. அதுல குழப்பமே இல்ல, அது இன்னும் நல்லபடியா இருக்கு.)

அதுக்கு நடுவுல 2008ல, 2.6.28 வெர்ஷன்ல, இன்னொரு கெர்னல் டெவலப்பர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மேன் வேற ஒரு வழி கொண்டு வந்தாரு, ஸ்டேஜிங்னு ஒரு தனி டைரக்டரி. தரம் இன்னும் பத்தல ஆனா ஹார்ட்வேர் ஆளுங்க கையில இருக்குங்குற டிரைவரையெல்லாம் இங்க வச்சிக்கலாம், ஆனா கூடவே ஒரு டூடூ ஃபைல் இருக்கணும், இன்னும் என்னென்ன வேலை பாக்கி, யாரு கிட்ட பேட்ச், அதாவது கோடுல பண்ணின திருத்தம், அனுப்பணும்னு. எனக்கு இதுல பிடிச்சது, அந்த டிரைவர் லோடு ஆகும்போதே சிஸ்டம் எழுதி வைக்கிற லாக்ல ஒரு வரி விழும், இது ஸ்டேஜிங்லேருந்து வந்தது, தரம் எப்படின்னு தெரியாது, எச்சரிச்சாச்சுங்குற அர்த்தத்துல. அதோட கெர்னல் மேலயே ஒரு கறை பட்டுடும், சி-ங்குற எழுத்து. அப்புறம் சிஸ்டம் கிராஷ் ஆகி நீங்க ரிப்போர்ட் அனுப்பினா அந்த எழுத்தும் கூடவே போகும், படிக்கிற டெவலப்பருக்கு ஒரு பார்வையில புரிஞ்சிடும். அந்த சி-க்கு கோடுக்குள்ள வச்சிருக்கிற பேரு க்ராப், அதாவது குப்பை. ஒளிவு மறைவே கிடையாது.

ஸ்டேஜிங்லேருந்து வெளிய போக ரெண்டு வழி, ஒண்ணு சுத்தமாகி மெயின் ட்ரீ, அதாவது கெர்னலோட முக்கியமான கோடுக்குள்ள போறது, இல்ல யாரும் தொடலன்னா டெலீட். மூணாவதா ஒண்ணும் நடக்கும். மெமரி கார்டுல ஃபைலை அடுக்கி வைக்கிற எக்ஸ்ஃபேட் ஃபைல்சிஸ்டம் இருக்கே, அது 2019ல 5.4 வெர்ஷன்ல ஸ்டேஜிங்குக்கு வந்துச்சு, எல்லாரும் அதைத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டு இருக்கும்போதே சாம்சங் ஆளுங்க புதுசா ஒண்ணு எழுதிக் கொண்டு வந்து 5.7ல நேரா மெயினுக்கு போயிட்டாங்க, பழசு காலி.

சரி, உள்ள வந்து பக்குவம் ஆயிடுச்சுன்னா அப்படியே இருக்குமா? அதான் இல்ல. கெர்னல் சோர்ஸ்ல மெயின்டெய்னர்ஸ்னு ஒரு பெரிய ஃபைல் இருக்கு, எந்த டிரைவரை யாரு பாத்துக்குறாங்கன்னு. அதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்டேட்டஸ் வரி. சப்போர்ட்டட்னா அதை பாத்துக்க ஒருத்தருக்கு சம்பளமே வருதுன்னு அர்த்தம். மெயின்டெய்ண்ட்னா ஒருத்தர் பாத்துக்குறாரு. ஆட் ஃபிக்சஸ்னா ஆள் இருக்காரு ஆனா நேரம் இல்ல, எப்பவாவது ஒரு பேட்ச் போடுவாரு. ஆர்ஃபன்னா அனாதை. அப்சலீட்னா காலாவதி. கவனிச்சீங்களா, இதுல முதல் நாலுலயும் கோடு நல்லா இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கிடையாது, பாக்க ஆள் இருக்கா, அது மட்டும்தான். ஆரம்பத்துல எனக்கு இது அரைகுறையா தெரிஞ்சுது, இப்ப இதுதான் சரியான அளவுகோல்னு தோணுது.

2019ல ஃப்ளாப்பி டிரைவரை இந்த ஃபைல்ல ஆர்ஃபன்னு மாத்தினாங்க. டிரைவர்ல கோளாறு வந்து இல்ல. அதை பாத்துக்கிட்டிருந்தவரு கிட்டயே ஓடுற நிலையில ஃப்ளாப்பி ஹார்ட்வேர் இல்லாம போச்சு, வேலை செய்யுற டிரைவை வாங்குறதே கஷ்டமாயிடுச்சு. இன்டெலோட இட்டானியம் ப்ராசசர் கதையும் இப்படித்தான், 2021ல ஆர்ஃபன், கிட்டத்தட்ட மூணு வருஷம் பாத்தாங்க, யாரும் வந்து எடுத்துக்கல, 6.7ல மொத்த கோடையும் தூக்கிட்டாங்க. இதுக்கெல்லாம் அழுறவங்க 386ங்குற பழைய இன்டெல் சிப்பை நினைச்சுக்கணும், லினக்ஸ் பொறந்ததே அந்த சிப்புலதான், அதையே 3.8ல கழட்டி விட்டாங்க, டோர்வால்ட்ஸ் எனக்கு அதுல சென்டிமென்ட் எல்லாம் இல்லன்னுட்டாரு.

டேபிள்னு ஆரம்பிச்சேன்ல, நல்ல டேபிள் ரெண்டு மூணு சொல்றேன். கெர்னல் டாக்குமெண்டேஷனுக்குள்ளயே 2015ல இங்கோ மோல்நார்ங்குற டெவலப்பர் ஒண்ணு சேத்தாரு, ஒரு ஃபீச்சர் எந்தெந்த ஆர்க்கிடெக்சர்ல, அதாவது ப்ராசசர் வகையில, இருக்குன்னு. இருந்தா ஓகே. இல்லன்னா டூடூ. அந்த ஹார்ட்வேர்ல அது முடியவே முடியாதுன்னா வெறும் ரெண்டு புள்ளி. இந்த ரெண்டு புள்ளியைத்தான் நான் கும்பிடுறேன். இன்னும் எழுதலங்குறதும் எழுதவே முடியாதுங்குறதும் நிறைய லிஸ்ட்ல ஒரே செவப்புக் கலர்ல இருக்கும், அதைப் பாத்துட்டு ஒரு புதுப் பையன் ஆர்வத்துல நானே எழுதுறேன்னு உக்காந்து ரெண்டு மாசம் வீணாக்குவான்.

லினக்ஸ் மாதிரியே இன்னொரு ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம் ஃப்ரீபிஎஸ்டி, அது வேற மாதிரி, அங்க ஆர்க்கிடெக்சருக்கே படிக்கட்டு, டயர் 1, டயர் 2ன்னு. டயர் 1னா செக்யூரிட்டி அப்டேட், ரெடிமேட் பேக்கேஜ் எல்லாத்துக்கும் ப்ராஜெக்ட் பொறுப்பு. 2021ல வந்த 13.0ல 64 பிட் ஆர்ம் ப்ராசசர் மேல ஏறி டயர் 1 ஆச்சு, அதே ரிலீஸ்ல பழைய பிசில இருக்கிற 32 பிட் எக்ஸ்86 கீழ எறங்கி டயர் 2 ஆச்சு. ஏத்துறதுக்கு எல்லாரும் கை தட்டுவாங்க, எறக்குறதை வெளிப்படையா எழுதி வைக்கத்தான் தைரியம் வேணும். அதுக்கு சொந்தக்கார சிஸ்டமான ஓப்பன்பிஎஸ்டி இன்னும் ஒரு படி மேல, 2014ல ப்ளூடூத் சரிப்பட்டு வரலன்னு மொத்தமா எடுத்தே போட்டுட்டாங்க, அரைகுறையா ஒரு டிக் வச்சிக்கிட்டு ஊரை ஏமாத்த வேணாம்னு. ஹெட்போன் வச்சிருக்கிறவங்களுக்கு கடுப்பாதான் இருந்திருக்கும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது அசாஹி லினக்ஸ் டேபிள்தான். ஆப்பிள் எம்1, எம்2 சிப் மெஷின்ல லினக்ஸ் ஓட்டுற ப்ராஜெக்ட். அங்க கட்டத்துல டிக் போட மாட்டாங்க, கெர்னல் வெர்ஷன் நம்பரையே போடுவாங்க, இந்த பார்ட் மெயின் கெர்னல்ல இந்த வெர்ஷன்லேருந்து இருக்குன்னு. இன்னும் அவங்க சொந்த ட்ரீல மட்டும் இருந்தா அதைச் சொல்லும், வேலை நடக்குதுன்னா அது தனியா. அதுல ஸ்பீக்கர் கதையைக் கேளுங்க. அந்த லேப்டாப்ல ஆம்ப்ளிஃபையர் தர்ற பவர் ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்குறதை விட அதிகம், சத்தமா கொஞ்ச நேரம் ஓட்டினா காயில் சூடாகி நெஜமாவே எரிஞ்சு போயிடும். ஆப்பிளோட சாஃப்ட்வேர் வோல்டேஜையும் கரண்டையும் அளந்துக்கிட்டே காயில் எவ்வளவு சூடாயிருக்கும்னு கணக்குப் போட்டு சத்தத்தைக் குறைக்கும். லினக்ஸ்ல டிரைவர் எழுதியாச்சு, பாட்டு வருது, வேற ப்ராஜெக்டா இருந்தா அன்னிக்கே பச்சை டிக் விழுந்திருக்கும். இவங்க ஸ்பீக்கரை ஆஃப் பண்ணியே வச்சிருந்தாங்க. அந்த சூட்டுக் கணக்கு போடுற ஒரு தனி ப்ரோக்ராமை எழுதி, ஒவ்வொரு மாடலுக்கும் அளந்து பாத்து, அதுக்கப்புறம்தான் மாடல் மாடலா திறந்து விட்டாங்க. வேலை செய்யுதுங்குறதுக்கும் உங்க கையில குடுக்கலாம்ங்குறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு பாத்தீங்களா.

பழைய போன்ல லினக்ஸ் போடுற போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்லயும் டெஸ்டிங், கம்யூனிட்டி, மெயின்னு வகை பிரிச்சு, கூடவே ஸ்க்ரீன், டச், கால், கேமரான்னு ஒவ்வொண்ணா எழுதுவாங்க. அங்கயும் மேல் வகையில நிக்க பாத்துக்குற ஆள் இருந்தே ஆகணும்.

இப்ப என் குறை. பெரும்பாலான லிஸ்ட்ல தேதி இருக்காது. புது கெர்னல் ஒம்போது பத்து வாரத்துக்கு ஒண்ணு வருது, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் போட்ட டிக்னா அதுக்கப்புறம் பத்து வெர்ஷனுக்கு மேல தாண்டியாச்சு. முன்னாடி ஓடினதை உடைக்கக் கூடாதுங்குறது கெர்னல்ல பெரிய சட்டம், ரெக்ரெஷன்னு சொன்னா டோர்வால்ட்ஸே கத்துவாரு, கெர்னல்சிஐ மாதிரி ஆட்டோமேட்டிக்கா நெறய போர்டுல பூட் பண்ணிப் பாக்குற ஏற்பாடும் இருக்கு. ஆனா உங்க லேப்டாப் மூடியை மூடித் திறந்து பாக்க எந்த சர்வர் வரும்? டச்பேட்ல மூணு விரல் வச்சா என்ன ஆகுது, மைக்ல இரைச்சல் இருக்கா, இதெல்லாம் ஒரு மனுஷன் உக்காந்து பாத்தாதான் உண்டு. அதனால என்னைக் கேட்டா டிக் கூட வேணாம்பேன், என்ன தேதி, எந்த கெர்னல், எந்த மாடல், என்ன பண்ணிப் பாத்தீங்க, இந்த நாலு போதும். அப்புறம் "பாக்கல"ன்னு ஒரு விடை கட்டாயம் இருக்கணும், காலிக் கட்டத்தைப் பாத்து வேலை செய்யலன்னு நினைக்கிறவங்களும் உண்டு, பிரச்சனை இல்ல போலன்னு நினைக்கிறவங்களும் உண்டு.

என் லேப்டாப் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அந்தப் பச்சை டிக்கை எடுத்துட்டு, தூங்கி எழுந்தா வைஃபை போகுதுன்னு கெர்னல் நம்பரோட எழுதினேன், கூடவே லாக்கை வச்சு பக் ரிப்போர்ட்டும் போட்டேன். கொஞ்ச மாசம் கழிச்சு ஒருத்தர் பேட்ச் அனுப்பி டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்கன்னாரு, இருபது தடவை மூடித் திறந்து பாத்தேன், இருபது தடவையும் வைஃபை வந்துச்சு, அதையே அப்படியே லிஸ்ட்ல எழுதினேன், தேதியோட. என் பேரும் அந்த வரியில ரொம்ப நாள் இருந்துச்சு. போன வருஷம் அந்த லேப்டாப்பை வித்துட்டேன். வித்த அன்னிக்கு ராத்திரி போய் என் பேரை எடுத்துட்டு, "இப்ப பாக்க ஆள் இல்ல"ன்னு மாத்தி வச்சிட்டு வந்தேன். நன்றி, வணக்கம்.