பிளேட்லெட் குறைந்தும் ரத்தம் கட்டுவது ஏன்?

(திரையில்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பிளேட்லெட் வரி மட்டும் சிவப்பில்.)

வணக்கம். டெங்கு சீசன் வந்தால் வீட்டுக்கு வீடு பிளேட்லெட் கணக்குதான். எண்ணிக்கை இறங்கினால் ரத்தக்கசிவு வந்துவிடுமோ என்ற பயம். இன்றைக்குப் பார்க்கப்போவது வேறு கதை. இதிலும் பிளேட்லெட் இறங்குகிறது, ஆனால் ரத்தம் உள்ளுக்குள்ளேயே உறைந்து கட்டிக்கொள்கிறது.

2023 ஆகஸ்டில், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக மருத்துவர்கள் இரண்டு பேரைப் பற்றி எழுதினார்கள். ஒருவன் 5 வயதுச் சிறுவன், மற்றவர் 58 வயதுப் பெண். இருவருக்கும் முதலில் வந்தது அடினோ வைரஸ். சளி, தொண்டைவலி, கண்சிவப்பு என்று வந்துபோகும் வைரஸ்தான். ஆனால் சிறுவனுக்கு மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் சிரையில் ரத்தக்கட்டி உண்டானது. அவன் பிழைத்துக்கொண்டான். பெண்ணுக்கோ உடம்பில் பல இடங்களில் ரத்தக்கட்டி.

(திரையில்: பிளேட்லெட் அனிமேஷன்.)

பிளேட்லெட்டுகள் பி.எஃப்.4 என்றொரு புரதத்தை வெளியிடும். நம் உடம்பின் சொந்தச் சரக்கு அது. இந்த இருவரின் ரத்தத்திலும் அந்தப் புரதத்தையே தாக்கும் ஆன்டிபாடி, அதாவது கிருமிகளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், இருந்தது. இரண்டும் கொத்தாகச் சேர்ந்து பிளேட்லெட்மேல் ஒட்டி அதை உசுப்பிவிடும். உசுப்பப்பட்டது இன்னும் பி.எஃப்.4-ஐக் கொட்டும், கொத்து பெருகும், கட்டி வளரும். பிளேட்லெட்டெல்லாம் கட்டிக்குள் போய்விட்டால், ஊசியில் எடுத்த ரத்தத்தில் எண்ணுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

இதே வகை ஆன்டிபாடியை 2021-லேயே மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் கோவிஷீல்டு என்று வந்த தடுப்பூசியும் ஜான்சன் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட மிகச் சிலரிடம் அது தென்பட்டது. இரண்டுமே அடினோ வைரஸை வாகனமாக வைத்துச் செய்தவை. அப்போது பழியெல்லாம் தடுப்பூசிமேல் விழுந்தது. தடுப்பூசியே சம்பந்தப்படாத இந்த இருவரையும் பார்த்த பிறகுதான் சந்தேகம் வைரஸ் பக்கமும் திரும்பியது.

சரி, சளி பிடித்த எல்லாரும் பயப்பட வேண்டுமா? வேண்டாம். இது மிக மிக அபூர்வம். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகு தாங்கமுடியாத தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல் என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே பிளேட்லெட்டும் குறைந்திருந்தால் மருத்துவர் கேட்கவேண்டிய பரிசோதனை, எலைசா என்ற ஆய்வக முறையில் பி.எஃப்.4 ஆன்டிபாடி. சில துரிதப் பரிசோதனைகளில் இது சிக்காமல் போய்விடும். சிகிச்சையில் பொதுவாக, ரத்தம் உறையாமல் தடுக்க வழக்கமாகத் தரும் ஹெபாரின் மருந்தைத் தவிர்த்து, அதே வேலையைச் செய்யும் வேறு மருந்தும், சிரை வழியாக இம்யூனோகுளோபுலின் என்ற, தானம் செய்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளும் தருவார்கள்.