கண்ணாடிப் பெட்டிக்குள் உளிச் சத்தம் கேட்காது

நடுவர் அவர்களே, எதிரணியினரே, ஆக்லாந்துத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். நேரம் குறைவு, மாலை மரியாதைகளை மனத்துக்குள் செய்துகொள்கிறேன்.

"மாவோரி மரச்செதுக்குக் கலையைக் காப்பது அருங்காட்சியகமா, பயிற்சிப் பட்டறையா?" என்பது தலைப்பு. மாவோரிகள் நியூசிலாந்தின் பூர்வகுடி மக்கள். பட்டறையே என்று பேச வந்தேன். ஆனால் எதிரணிச் சகோதரி உட்காரும்போது ஒரு குத்துக் குத்திவிட்டு உட்கார்ந்தார். "தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணியில் உருளைக்கிழங்கு வேகவைத்த ஊர் ஐயா இது. அருங்காட்சியகம் இல்லையென்றால் அது இன்றைக்கும் அடுப்பில்தான் இருக்கும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கைகளை எல்லாம் நான் பார்த்துவைத்திருக்கிறேன்.

அம்மா, கதையை முழுவதுமாகச் சொல்ல வேண்டாமா? 1836 வாக்கில். கிறித்தவ மதப்பணிக்காக வந்த அச்சுக்காரர் வில்லியம் கொலென்சோ, வாங்கரே பக்கம் போகிறார். மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாத்திரத்தைப் பார்க்கிறார். எழுத்து தெரிகிறது. யாருடைய எழுத்து? நம்முடைய எழுத்து! "முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி." காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு முறை சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மரம் விழுகிறது. வேரடியில் ஒரு மணி. அதுவும் விளிம்பு உடைந்த மணி. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பீர்கள். அவர்கள் கவிழ்த்துப் பார்த்தார்கள். பாத்திரம்! ஓட்டையில்லாத பாத்திரத்தை எந்தக் குடும்பத்தலைவி எறிவாள்? என் வீட்டில் ஐஸ்கிரீம் தீர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. டப்பாவுக்குள் இன்றைக்கு மிளகாய்த்தூள் இருக்கிறது. ஆக, அந்த மணி வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகம்வரை வந்து சேர்ந்ததற்கு யார் காரணம்? உருளைக்கிழங்குதான் காரணம்! சகோதரி நன்றி சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

அருங்காட்சியகம் காப்பாற்றிய அழகையும் பார்ப்போம். மாவோரிச் சிற்பி ராஹாருஹி ருகுபோவும் அவருடைய ஆட்களும் 1840களில் செதுக்கிய சபைக்கூடம், தே ஹௌ கி தூராங்கா. 1867-இல் அரசாங்கமே அதைப் பிரித்து வெலிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. பாதுகாப்பாம். யாரிடமிருந்து? செய்தவர்களிடமிருந்தே!

சரி, நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், தலைப்புக்கு வருகிறேன். இந்த ஊரில் ஒரு சமூகப் பட்டறைக்கு நான் போய்க்கொண்டிருக்கிறேன். பிரார்த்தனையோடுதான் வேலை தொடங்கும். உள்ளே தின்பண்டம் வரக் கூடாது. செதுக்கும்போது விழும் மரச்சீவலை வாயால் ஊதக் கூடாது. தூரிகையால் தள்ள வேண்டும். வீட்டில் வாய் திறந்து பழக்கமில்லாத எனக்கு இது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. முதலில் இணைகோடுகள், பிறகு அவற்றுக்கு நடுவே நாய்ப்பல் வெட்டு. மரத்தின் நார் ஓடும் திசைக்கு எதிராக உளியைத் தள்ளினால் மரம் சிலும்பும். சிலும்பினால் சொல்லித்தரும் முதியவர் திட்ட மாட்டார். பலகையை அப்படியே திருப்பி வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். இதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எத்தனை வருடம் பார்த்தால் கற்றுக்கொள்ள முடியும்?

அபிரானா ஙாட்டாவை உங்களுக்குத் தெரியும். ஐம்பது டாலர் நோட்டில் இருக்கும் மாவோரித் தலைவர். நம் பர்ஸில் நெடுநேரம் தங்காதவர். அவருடைய முயற்சியால் 1927-இல் ரோட்டோருவாவில் மாவோரிக் கலைப் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் கையில் உளி இருந்தது. ஆனால் பழைய சிற்பிகள் வாய்ச்சி, அதாவது மரம் செதுக்கும் கைக்கோடரி, பிடித்துச் செதுக்கிய முறை அவர்களுக்குத் தெரியவில்லை. அருங்காட்சியகங்களில் வாய்ச்சி வேலைத் தூண்கள் வரிசையாக நின்றன. ஒரு தூணாவது வாய் திறந்து சொல்லிக்கொடுத்ததா? பினே தையாபா என்ற இளைஞர் ஆள் தேடினார். எரமிஹா காபுவா என்ற முதியவர் அகப்பட்டார். அவரிடமிருந்து வாய்ச்சி வேலை தையாபாவின் கைக்கு வந்தது. பினேயின் தம்பி ஹோனே தையாபாதான் 1967-இல் ரோட்டோருவாவில் திறந்த செதுக்குப் பள்ளிக்குத் தலைமை ஆசான்.

என் அப்பா தச்சர். கும்பகோணம் பக்கத்தில் அவர் இழைக்காத நிலைக்கதவு குறைவு. நான் வாய்ச்சியைத் தொட்டால், "கணக்கு டியூஷனுக்கு நேரமாகிறது, போ" என்று விரட்டுவார். அவர் சொன்னபடியே படித்தேன், விமானம் ஏறினேன். அவர் யாளி செதுக்கிய ஒரு கதவு இப்போது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் மெருகு போட்டு நிற்கிறது. கதவுக்கு ஒரு குறையும் இல்லை நடுவர் அவர்களே, நன்றாகத் துடைக்கிறார்கள். அந்தக் கைதான் போய்விட்டது. எரமிஹா காபுவாவைத் தேடிக்கொண்டு ஒரு பையன் போனான். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு பையன் இருந்தான். அவனைக் கணக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள்.

இந்த ஊர் முதியவர் போன வாரம் வாய்ச்சியை என் கையில் கொடுத்தார். என் விரல்களைப் பிரித்து, பிடியில் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார். அவர் யாரோ, நான் யாரோ. அப்பா இருந்திருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். தீர்ப்பை உங்களிடம் விட்டுவிட்டேன் ஐயா. எனக்கு இதற்கு மேல் பேச வரவில்லை. வணக்கம்.