தேர்வுக்கு முன் ஒரு திருப்புதல்: ஜோடி ஜோடியாகக் குழப்பும் அறிவியல் சொற்கள்

வணக்கம் நண்பர்களே. அறிவியல் தேர்வுக்குத் திருப்புதல் செய்துகொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இன்றைய காணொளி. என் மேசையில் பாடப்புத்தகம் இல்லை. வெள்ளைத்தாள் ஒன்று, பேனா ஒன்று, கனமான நோட்டு ஒன்று, கிழித்தெடுத்த காகிதத் துண்டு ஒன்று. இவை போதும்.

பள்ளியில் படித்தபோது ஒரு கணக்கில் "பெட்டியின் எடை 5 கிலோகிராம்" என்று எழுதி மதிப்பெண்ணைப் பறிகொடுத்தேன். கோபம் கோபமாக வந்தது. எடை பார்க்கும் கருவியிலேயே கிலோகிராம் என்றுதானே போட்டிருக்கிறது, பிறகு என்ன தவறு? அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனபோதுதான் ஒன்று புரிந்தது. இந்தப் பாடத்தில் நாம் தடுக்கி விழும் இடங்களில் பெரும்பாலும் ஒரு ஜோடிச் சொல் நிற்கிறது. நிறை, எடை. திசைவேகம், முடுக்கம். வெப்பம், வெப்பநிலை. அன்றாடப் பேச்சில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை. விடைத்தாளில் அப்படி முடியாது. அதனால் பாட வரிசையை ஒதுக்கி வைத்துவிட்டு ஜோடி ஜோடியாகவே போகிறேன்.

என் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். நிறை என்பது ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது. அதன் அலகு கிலோகிராம். எடை என்பது அந்தப் பொருளைப் புவி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது. அது விசை என்பதால் அதன் அலகு நியூட்டன். 5 கிலோகிராம் நிறையைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 ஆல் பெருக்கினால் 49 நியூட்டன். இதுதான் அந்தப் பெட்டியின் எடை. அதையே நிலவுக்குக் கொண்டுபோனால் எடை சுமார் 8 நியூட்டன் ஆகிவிடும், ஏனென்றால் அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். நிறை மட்டும் அதே 5 கிலோகிராம்.

அப்படியானால் கருவி ஏன் கிலோகிராம் காட்டுகிறது? அது உணர்வது விசையைத்தான். புவியில் பயன்படுத்துவதற்கென்று அதன் அளவுகோலைக் கிலோகிராமில் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சுருள்வில் தராசை நிலவில் வைத்தால் 5 கிலோகிராம் பெட்டியை ஒரு கிலோகிராமுக்கும் குறைவாகக் காட்டும். இரண்டு தட்டுகள் உள்ள தராசு அங்கேயும் சரியாகக் காட்டும், ஏனென்றால் இரு பக்கமும் ஈர்ப்பு ஒரே விகிதத்தில்தான் குறைகிறது. இதை அன்றைக்கே யாராவது சொல்லித் தந்திருந்தால் நான் மறந்திருக்கவே மாட்டேன்.

இப்போது கேமராவைச் சற்றுத் தாழ்த்துகிறேன். ஒரு கையில் நோட்டு, மறு கையில் காகிதத் துண்டு. ஒரே நேரத்தில் விடுகிறேன். நோட்டு முதலில் விழுந்தது. கனமான பொருள்தான் வேகமாக விழும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்ததாக, காகிதத்தை நோட்டின் மேல் வைத்து, ஓரம் வெளியே நீட்டாமல் பார்த்துக்கொண்டு விடுகிறேன். பார்த்தீர்களா, இரண்டும் ஒட்டியபடியே விழுந்தன. முன்பு காகிதத்தைத் தாமதப்படுத்தியது காற்று. இப்போது காற்றின் தடையை நோட்டு ஏற்றுக்கொண்டது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றே இல்லாத நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. நிறை இரண்டு மடங்கானால் ஈர்ப்பு விசையும் இரண்டு மடங்காகிறது. ஆனால் அந்தப் பொருளை நகர்த்துவதும் இரண்டு மடங்கு கடினம். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுவதால் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எல்லாவற்றுக்கும் ஒன்றே. "விசை = நிறை × முடுக்கம்" என்ற வரிக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

முடுக்கம் என்றதும் அடுத்த ஜோடி. ஒரு கல்லை நேர்மேலே எறிகிறோம். உச்சியில் ஒரு கணம் அதன் திசைவேகம் சுழி. முடுக்கம்? அதுவும் சுழி என்றே பலர் எழுதிவிடுவார்கள். முடுக்கம் அங்கேயும் 9.8தான், கீழ்நோக்கி. திசைவேகம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. உச்சியில் முடுக்கம் உண்மையிலேயே சுழியாக இருந்தால் கல் அங்கேயே அந்தரத்தில் நின்றுவிட வேண்டுமே!

நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் மூன்று விதிகளில் மனப்பாடமாக ஒப்பிக்க மிக எளிதானதும், தவறாகப் புரிந்துகொள்ள மிக எளிதானதும் இதுதான். "ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு." சரி. நோட்டு மேசைமேல் இருக்கிறது. புவி அதைக் கீழே இழுக்கிறது. மேசை அதை மேலே தாங்கித் தள்ளுகிறது. இரண்டும் சமம், திசையும் எதிர். ஆகவே இவைதான் விசையும் எதிர்விசையும் என்று எழுதத் தோன்றும்.

எழுதாதீர்கள். அந்த இரண்டு விசைகளும் ஒரே நோட்டின் மீதுதான் செயல்படுகின்றன. விசையும் எதிர்விசையும் எப்போதும் இரு வேறு பொருள்கள் மீது செயல்படும். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: வாக்கியத்தில் பெயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். "புவி நோட்டை இழுக்கிறது." மாற்றினால், "நோட்டு புவியை இழுக்கிறது." இதுதான் உண்மையான ஜோடி. "மேசை நோட்டைத் தள்ளுகிறது." மாற்றினால், "நோட்டு மேசையைத் தள்ளுகிறது." இது இன்னொரு ஜோடி. நோட்டு அசையாமல் இருப்பதற்குக் காரணம் மூன்றாம் விதி அல்ல. அதன் மீதுள்ள இரண்டு விசைகள் ஒன்றையொன்று சமன் செய்கின்றன, அவ்வளவுதான். மேல்நோக்கி வேகமெடுக்கும் மின்தூக்கியில் இதே மேசையை வைத்தால் அது தள்ளும் விசை நோட்டின் எடையைவிட அதிகமாகிவிடும். உண்மையான ஜோடியாக இருந்தால் அப்படி ஒருபோதும் ஆக முடியாது.

நோட்டு புவியை இழுக்கிறதா என்று சிரிக்க வேண்டாம். அதே அளவு விசையோடுதான் இழுக்கிறது. புவியின் நிறை ஆறுக்குப் பின்னால் 24 சுழிகள் போட்ட கிலோகிராம். அந்த நிறையால் இந்தச் சிறு விசையை வகுத்துப் பாருங்கள், புவி ஏன் அசைவதாகத் தெரியவில்லை என்பது விளங்கும். இது புரிந்த நாளில் எனக்கு உடம்பே சிலிர்த்தது. இன்றைக்கும் சொல்லும்போது சிலிர்க்கிறது.

இனி வெப்பமும் வெப்பநிலையும். வெப்பநிலை என்பது துகள்கள் சராசரியாக எவ்வளவு துடிப்பாக இயங்குகின்றன என்பதன் அளவு. வெப்பம் என்பது வெப்பநிலை கூடிய பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குக் கைமாறும் ஆற்றல், அலகு ஜூல். வெப்பம் கொடுத்தால் வெப்பநிலை ஏறியே தீர வேண்டுமா? இல்லை. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டி உருகி 0 டிகிரி நீராக மாற 334 ஜூல் வேண்டும். அவ்வளவையும் விழுங்கிவிட்டு வெப்பநிலைமானி துளிகூட ஏறாது. அதே 334 ஜூலை ஒரு கிராம் நீருக்குக் கொடுத்தால் அது 0 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரி வரை சூடாகிவிடும். பனிக்கட்டியில் அந்த ஆற்றல் துகள்களின் பிணைப்பைத் தளர்த்தச் செலவாகிறது. 1760களில் ஜோசப் பிளாக் இதைக் கண்டறிந்து மறைந்திருக்கும் வெப்பம் என்ற பொருளில் பெயர் சூட்டினார். நம் பாடத்தில் அது உள்ளுறை வெப்பம்.

நீராவி சுடுவது ஏன் கொதிநீர் சுடுவதைவிடக் கடுமையானது என்ற கேள்விக்கும் இதே விடைதான். இரண்டும் 100 டிகிரி. ஒரு கிராம் கொதிநீர் நம் தோலில் பட்டு 37 டிகிரிக்கு இறங்கும்போது கொடுப்பது சுமார் 265 ஜூல். ஒரு கிராம் நீராவி நீராக மாறும் அந்த நிலையிலேயே சுமார் 2,260 ஜூலைக் கொட்டிவிடுகிறது. பிறகு அந்த நீர் வேறு குளிர வேண்டும். விடையில் "உள்ளுறை வெப்பம்" என்ற சொல் கட்டாயம் வரட்டும்.

மின்னோட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விளக்கு மின்னோட்டத்தைச் செலவழிக்காது. தொடர் இணைப்பில் விளக்குக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் ஒன்றேதான். செலவாவது ஆற்றல். 6 ஓம் தடைகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 12 ஓம், பக்க இணைப்பில் 3 ஓம். பக்க இணைப்பில் தொகுபயன் தடை தனித்தனித் தடைகளைவிடக் குறைவாகத்தான் வரும். கூடுதலாக வந்தால் தலைகீழ் எடுக்க மறந்திருக்கிறீர்கள், திரும்பிப் போய்ப் பாருங்கள்.

ஒளியாண்டு என்பது தொலைவு, காலம் அல்ல. சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இரும்பு துருப்பிடிப்பது வேதியியல் மாற்றம், உப்பு கரைவது இயற்பியல் மாற்றம். துருப்பிடித்த ஆணியின் நிறை கூடியிருக்கும், ஏனென்றால் ஆக்சிஜன் வந்து சேர்ந்திருக்கிறது.

அலகுகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மணிக்கு 72 கிலோமீட்டர் என்று வினாவில் இருந்தால் உடனே 5/18 ஆல் பெருக்கி வினாடிக்கு 20 மீட்டர் என்று ஓரத்தில் எழுதிவிட்டு, அப்புறம் சூத்திரத்தைத் தொடுங்கள். 1999இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று அழிந்துபோனது. ஒரு குழு பவுண்டு அலகில் தந்த எண்களை இன்னொரு குழு நியூட்டன் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. பல ஆண்டு உழைப்பு அப்படிப் போயிற்று. நமக்குப் போவது ஒரு மதிப்பெண்தான், ஆனாலும் தெரிந்த கணக்கில் போனால் நெஞ்சு பொறுக்காது.

கடைசியாக ஒரு கணக்கு. மேலே எறிந்த அந்தக் கல்லின் நிறை 2 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் தடை இல்லை. உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் கல்லின் மீதுள்ள விசை எவ்வளவு, எந்தத் திசையில்? அதன் எதிர்விசை எந்தப் பொருளின் மீது செயல்படுகிறது? காணொளியை இங்கே நிறுத்திவிட்டு, தாளில் அலகோடு எழுதுங்கள். எழுதி முடித்தவர்கள் மட்டும் தொடரலாம். விசை 19.6 நியூட்டன், கீழ்நோக்கி. எதிர்விசை 19.6 நியூட்டன், மேல்நோக்கி, புவியின் மீது.