அஞ்சு பேரின்ர வேலை, ரெண்டு பேர்: வன்னியில மார்க்கெட்டிங் வேலை

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சியில இருந்து கதைக்கிறன். பின்னால லொறிச் சத்தம் கேட்டால் குறை நினைக்காதேங்கோ, ஏ9 ரோட்டுக் கரையிலதான் நிக்கிறன்.

மார்க்கெட்டிங் வேலை எப்பிடி, எங்கட பிள்ளையளை விடலாமோ எண்டு கனபேர் கேட்டிருந்தியள். விடலாம், நல்ல வேலை. ஆனா ஆள் காணாத ஒரு பிரிவில, வன்னியைத் தெரியாத ஒருத்தருக்குக் கீழ அந்த வேலை என்ன பாடுபடும் எண்டதையும் சொல்லத்தான் வேணும். கம்பனியின்ர பேர் சொல்லமாட்டன்.

நாங்கள் விக்கிறது லாண்ட்மாஸ்டர் எண்டு சொல்லுற ரெண்டு சில்லு உழவு மெசின், தண்ணிப் பம்பி, மருந்தடிக்கிற மெசின். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாத்துக்கும் சேத்து முந்தி அஞ்சு பேர் இருந்தம். 2022இல காசுப் பிரச்சினை வந்த நேரம் ஒராள் வெளிநாடு போயிட்டார். பிறகு படம், போஸ்டர் செய்து தந்த தங்கச்சி விட்டிட்டுப் போனா. பிறகு இன்னொராள். ஒருத்தரின்ர இடத்துக்கும் ஆள் எடுக்கேல்ல. "இப்போதைக்குச் சமாளியுங்கோ" எண்டு சொன்னவை. இண்டைக்கும் நானும் ஒரு அண்ணையும்தான் சமாளிக்கிறம்.

காலமை பேஸ்புக்கில விலை கேட்டவைக்குப் பதில் போடவேணும். பிறகு போஸ்டர், பிறகு கடைக்காரரின்ர நிலுவைக் கணக்கு. பின்னேரம் கொழும்புக்கு ரிப்போர்ட். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில "அவசரம்" எண்டு இன்னொண்டு வரும். இதில எது முதல் விடுபடும் சொல்லுங்கோ? ஊருக்குள்ள போறதுதான். ஏனெண்டால், போகாட்டில் அண்டைக்கே ஒருத்தரும் கேக்கமாட்டினம். ரிப்போர்ட் பிந்தினால் உடன கோல் வரும்.

ஆனா சாமான் விக்கிறது ஊருக்குள்ள போனால்தான். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு ஐயா மருந்தடிக்கிற மெசின் வாங்க வந்தால், பேஸ்புக் படத்தைப் பாத்திட்டு வாங்கமாட்டார். முதுகில கொழுவிப் பாப்பார். தண்ணி விட்டு அடிச்சு, துமி எப்பிடி விழுகுதெண்டு பாப்பார். வாருக்குள்ள கையை விட்டு இழுத்துப் பாப்பார். கடைசியா ஒண்டு கேப்பார்: "தம்பி, வாசர் போனால் எங்க எடுக்கிறது?" அந்த இடத்தில பதில் சொல்ல ஆள் நிக்கவேணும். நிண்டால் அவரும் வாங்குவார், பக்கத்து வயல்காரரும் வாங்குவார். நிக்காட்டில் சாமான் கடையில கிடந்து தூசு பிடிக்கும்.

எனக்கு உண்மையா மனம் நோகிறது பிளான் வாற விதத்திலதான். கொழும்பில இருந்து சித்திரைப் புதுவருசத்துக்குப் பெரிய கழிவு விலை எண்டு வரும். இஞ்ச காலபோகம், அதாவது பெரும்போக நெல்லு, வெட்டிறது தை கடைசியில இருந்து பங்குனி வரை. சனத்தின்ர கையில காசு புழங்கிறது அப்பதான். சித்திரைக்குள்ள கடன் கட்டி, அடைவு வைச்ச நகையை மீட்டு முடிஞ்சிடும். அதுக்கு அடுத்த விதைப்பு, சிறுபோகம் எண்டால் குளத்தில இருக்கிற தண்ணியைப் பாத்து, கூட்டம் வைச்சுத்தான் எத்தினை ஏக்கர் விதைக்கிறதெண்டு முடிவெடுப்பினம். இரணைமடுக் குளத்தில தண்ணி எவ்வளவு நிக்குதெண்டு தெரியாமல், இந்த மாதம் இத்தினை பம்பி விக்கவேணும் எண்டு கணக்குப் போட்டால் எப்பிடிச் சரிவரும்? சொல்லியிருக்கிறம். எல்லா மாகாணத்துக்கும் ஒரே பிளான்தான் எண்டது பதில். பிறகு வைகாசியில விற்பனை ஏன் குறைஞ்சது எண்டு இன்னொரு ரிப்போர்ட் கேப்பினம். அந்த ரிப்போர்ட்டுக்கு இருக்கிற நேரத்தில எத்தினை ஊருக்குப் போயிட்டு வரலாம்!

சரி, என்ன செய்தனாங்கள்? அண்ணையும் நானும் சேந்து, கிழமைக்கு என்னென்ன வேலை, ஒவ்வொண்டுக்கும் எத்தினை மணித்தியாலம் எண்டு ஒரு தாளில எழுதினம். கீழ ஒரு கேள்வி: "ரெண்டு பேரால இவ்வளவும் ஏலாது. எதை விடச் சொல்லுறியள்?" கோலில சொல்லேல்ல, மெயிலில போட்டம். கோலில சொன்னது காத்தோட போயிடும். அதுக்குப் பிறகு ஒரு ரிப்போர்ட்டை நிப்பாட்டினவை, கிழமையில ஒரு நாள் ஊருக்குப் போக விட்டிருக்கினம். புது ஆள் இன்னும் வரேல்ல. மெயில் அனுப்பிறதை நாங்களும் விடேல்ல.

கம்பனியில வேலை செய்யிற தம்பி தங்கச்சிமாரே, இதைத் தெரிஞ்சு வைச்சிருங்கோ. கடை, கந்தோர் ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. சாதாரண வேலை நேரம் நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதுக்கு மேல எண்டால் ஓவர்டைம், ஒண்டரை மடங்கு. ஈ.பி.எவ்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கட சம்பளத்தில 8 வீதம் வெட்டினால் கம்பனி 12 வீதம் போடவேணும். ஈ.ரி.எவ்., அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி, 3 வீதம் முழுக்கக் கம்பனியின்ர காசு. சம்பளத் துண்டை வாங்கி ஒவ்வொரு வரியாப் பாருங்கோ. காசு கட்டுப்படேல்ல எண்டால் தொழில் திணைக்களத்தில முறைப்பாடு குடுக்கலாம். அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை.

நேர்முகத்துக்குப் போனால் சம்பளத்தை மட்டும் கேட்டிட்டு வராதேங்கோ. இந்தப் பிரிவில எத்தினை பேர், எனக்கு முதல் இருந்தவர் ஏன் போனவர், பிளானை ஆர் போடுறது, இதுகளையும் கேளுங்கோ. மழுப்பினால் யோசிச்சு முடிவெடுங்கோ.

இதைப் பாக்கிற மேலதிகாரிமார் ஆரும் இருந்தால் ஒரே ஒண்டு கேக்கிறன். வடக்குக்கு ஆள் எடுக்கிறதெண்டால் ஆவணியில எடுங்கோ. விதைப்புத் தொடங்க முதல் அவருக்கு ரெண்டு மாதம் கிடைக்கும், கடைக்காரரையும் கமக்காரரையும் நேரில பாத்துப் பழகிடுவார். மாசியில கொண்டுவந்து விட்டால் அவர் பரந்தன் சந்தியில நிண்டு வழி கேக்கேக்க வெட்டு முடிஞ்சிடும்.