முதுகைக் காணாதவன் மீது என்ன குற்றம்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மனிதன் தன்னை உள்ளதைவிட உயர்வாக எண்ணுவதற்குப் பெரிதும் காரணம் ஆணவமா, அறியாமையா என்பது இன்றைய தலைப்பு. அறியாமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஒரு சான்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். இங்கிலாந்துச் சிறைக் கைதிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வு அது. இரக்கம், நேர்மை, பெருந்தன்மை என்று எதைக் கேட்டாலும், வெளியே நடமாடும் சராசரி மனிதனைவிடத் தாங்கள் மேல் என்றார்கள் கைதிகள். "கம்பிக்குள் நின்றுகொண்டு இப்படிச் சொல்வது ஆணவம் அல்லாமல் வேறென்ன?" என்று கேட்டார் நண்பர். சான்று உண்மைதான், ஐயா. ஆனால் அதே ஆய்வில் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. 'சட்டத்தை மதிப்பதில் நீங்கள் எப்படி?' என்று கேட்டபோது மட்டும் அந்தக் கைதிகள் மேல் என்று சொல்லவில்லை. மற்றவர்களுக்குச் சமம் என்று இறங்கிவந்தார்கள். அங்கே நீதிமன்றத் தீர்ப்பு என்ற கண்ணாடி அவர்கள் முகத்துக்கு நேரே இருந்தது. இரக்கத்துக்கு அப்படி ஒரு கண்ணாடி ஏது? தன் இரக்கத்தை அவன் நெஞ்சுக்குள்ளிருந்து பார்க்கிறான். நாமோ அவன் கை செய்ததைப் பார்க்கிறோம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். முதுகைப் பார்க்க மறுக்கிறான் என்று அவர்கள் சொல்லவில்லை. தெரியாது என்றார்கள்.

1995-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒருவன் பட்டப்பகலில், முகமூடியும் இல்லாமல், இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்தான். கேமராவில் பதிந்த அவன் முகத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், அன்றிரவே பிடிபட்டான். படத்தைக் காட்டியபோது, "நான் சாறு பூசியிருந்தேனே!" என்று திகைத்தானாம். எலுமிச்சைச் சாற்றால் எழுதினால் எழுத்து மறைந்திருக்கும், சூடு காட்டினால்தான் தெரியும் என்று நாமெல்லாம் பள்ளியில் செய்து பார்த்திருக்கிறோம். அதை முகத்தில் பூசினால் கேமராவுக்கு முகமும் மறையும் என்று அவன் உண்மையாகவே நம்பியிருக்கிறான். இதில் ஆணவம் எங்கே இருக்கிறது? பாவம், தெரியாமை அல்லவா இருக்கிறது!

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999-இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கொள்ளையன் கதையோடுதான் தொடங்குகிறது. மாணவர்களுக்கு இலக்கணம், தர்க்கம், நகைச்சுவை உணர்வு ஆகியவற்றில் தேர்வு வைத்தார்கள். கடைசிக் கால் பங்கில் வந்தவர்கள், சராசரியாக, நூறு பேரில் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். அவர்களோ 62 பேரை முந்தியிருப்போம் என்று எண்ணினார்கள். இந்த இடைவெளியில் ஒரு பகுதி வெறும் கணக்கின் விளைவு என்று பின்னால் வந்த சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். இருக்கலாம், அதை மறைக்க விரும்பவில்லை. என் வாதம் அந்த எண்களின் மேல் நிற்கவில்லை. அதே கட்டுரையின் கடைசிச் சோதனையின் மேல் நிற்கிறது. தர்க்கத் தேர்வில் பின்தங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், அந்தக் கணக்குகளை எப்படிப் போடுவது என்று ஒரு சிறு பாடம் நடத்தினார்கள். பிறகு, 'முன்பு எழுதிய தேர்வை நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினீர்கள்?' என்று மீண்டும் கேட்டார்கள். பாடம் படித்தவர்கள் தங்கள் மதிப்பீட்டைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்! படிக்காதவர்கள் பழைய நினைப்பிலேயே இருந்தார்கள்.

நடுவர் அவர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆணவக்காரனுக்குப் புதிதாக ஒன்று கற்றுக்கொடுத்தால் அவன் தலை இன்னும் நிமிரத்தானே வேண்டும்? இங்கே கற்றவுடன் தலை குனிந்தது. பிழையைப் பிழை என்று கண்டுகொள்ளத் தேவையான அறிவு, பிழையில்லாமல் செய்யத் தேவையான அதே அறிவுதான். அது இல்லாதவனிடம் போய், "உனக்கு இல்லை என்பதுகூடத் தெரியவில்லையா?" என்று சீறுவது என்ன நியாயம்?

கார் ஓட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் ஓட்டும் திறமையில் தங்களை மேல் பாதியில் வைத்துக்கொண்டார்கள். ஸ்வீடன் மாணவர்களில் 69 சதவீதம். மேல் பாதியில் 50 பேருக்குத்தான் இடம். ஆனால் நல்ல ஓட்டுநர் என்றால் யார்? நிதானமாகப் போகிறவருக்கு நிதானம்தான் திறமை. நெரிசலில் புகுந்து வெளியேறுகிறவருக்கு அதுதான் திறமை. ஆளுக்கொரு முழக்கோல் வைத்து அளந்தால், எல்லாரும் உயரமாகத்தான் இருப்பார்கள்.

அதே க்ரூகர் இன்னொன்றும் கண்டார். பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தை, சதுரங்கம், கணினி நிரல் எழுதுவது போன்ற கடினமான காரியங்களைக் கேட்டால், பெரும்பாலோர் தங்களை மற்றவர்களைவிடத் தாழ்வாகவே மதிப்பிடுகிறார்கள். தன்னால் முடியாது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவர்களாலும் முடியாது என்பது தோன்றுவதில்லை. ஆணவம்தான் காரணம் என்றால், இந்த இடத்தில் அது எங்கே போயிற்று?

வீட்டுக்குள் வருவோம். கனடாவில் 1979-இல் கணவன் மனைவியரைத் தனித்தனியே கேட்டார்கள்: இந்தந்த வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டிப் போயிற்று. எதிரணி இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும் என்று தெரியும். ஆனால் வீட்டில் சண்டையை மூட்டுவது போன்ற குறைகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதிலும் இருவரும் தங்கள் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்கள்! பெருமைக்காகச் சொல்கிறவன் பழியையுமா கூட்டிச் சொல்வான்? தான் செய்ததெல்லாம் நினைவில் நிற்கிறது; அடுத்தவர் செய்ததில் பாதி நம் கண்ணிலேயே படவில்லை. விடியுமுன் எழுந்து பால் காய்ச்சியவரின் அந்த அரைமணி நேரத்தை, உறங்கிக்கொண்டிருந்தவர் எப்படி எண்ணிக்கையில் சேர்ப்பார்?

நான் 19 ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியை. பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கிற ஆசிரியை என்றுதான் என்னைப் பற்றி மனமார நம்பியிருந்தேன். 2020-இல் பொதுமுடக்கம் வந்தது, இணைய வழியில் பாடம் நடத்தினோம், வகுப்புகள் பதிவாயின. ஒரு மாலை என் பதிவை நானே கேட்டேன். கேள்வி கேட்கிறேன்; மூச்சு விடும் நேரம்கூடப் பொறுக்காமல் பதிலையும் நானே சொல்கிறேன். மீண்டும் கேட்கிறேன், மீண்டும் நானே சொல்கிறேன். ஒரு குழந்தை "மிஸ், அது..." என்று தொடங்குகிறது, அதன் மேலேயே என் குரல் ஏறிப் போகிறது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அத்தனை ஆண்டுகளும் எத்தனை குழந்தைகள் இப்படித் தொடங்கி நிறுத்தியிருப்பார்கள்? என்னை ஆணவக்காரி என்று யாராவது சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், ஒன்றும் மாறியிருக்காது. என் குரலை எனக்குக் காட்டியதால் மாறினேன். இன்று கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன்.

ஆகவே, எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரியிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். கார்னெலில் அந்தச் சிறு பாடத்தைப் படித்து முடித்த மாணவர்களை யாரும் திட்டவில்லை, யாரும் அவமானப்படுத்தவில்லை. அவர்கள் ஏன் தங்கள் மதிப்பீட்டைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள், அம்மா?

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.